சுவரைப் பார்த்துக் குடி

ஒன்றுமில்லை. இன்றைக்கும் ஒன்றுமில்லை. வேதமாணிக்கம் முதல் மூடியைக் கவிழ்த்து, அதில் ஒட்டிக்கிடந்த வெந்த இலைக்குள் மூக்கை நுழைக்காத குறையாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மார்பு நிறைய இழுத்தார். சூடு ஏறியது. ஈரம் ஏறியது. மூக்கு நுனியில் வியர்த்தது. அவ்வளவுதான், வெந்நீர் அண்டாவுக்கு மேலே குனிந்த மாதிரி. ஆனாலும் "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தார். கொடுக்கத்தானே வேண்டும், மேஜைக்கு அந்தப் பக்கம் ஜமுனா உட்கார்ந்திருக்கிறாளே, சென்னையிலிருந்து ராத்திரி ரயிலேறி, மேட்டுப்பாளையத்தில் கார் பிடித்து, குன்னூர்க் குளிரில் சால்வைக்குள் சுருண்டுகொண்டு, அவர் மூக்கையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு. அவளுக்கு அங்கே நாலைந்து டீக்கடை இருக்கிறது. டீக்கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், டீ ரூம் என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைகளில் ஊலாங் ஒன்று, பிளாக் ஒன்று, டார்க் ஒன்று என்று மூன்று டப்பா வைக்கப்போகிறாள், மூன்றின் மேலும் 'வேதமாணிக்கம் தேர்ந்தெடுத்தது' என்று அச்சடிக்கப்போகிறாள். முப்பது வருஷமாகத் தேயிலையை ருசி பார்த்துத் துப்பித் துப்பிச் சேர்த்த பெயர். இந்த ஒரு காலையைத் தாண்டிவிட்டால் பெயர் டப்பாவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் மூக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. தாண்டாவிட்டால்? மூக்கு செத்த டேஸ்டரை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? வாட்ச்மேன் வேலைகூடத் தர மாட்டான், தீப்பிடித்தால் இவனுக்குத் தெரியாதே என்பான். இதை நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வந்த காய்ச்சல். பாழாய்ப்போன காய்ச்சல், ஒரு வாரம் படுக்கையில் போட்டுவிட்டுப் போனபோது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கோயம்புத்தூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றான், என்னமோ சொந்தக்காரனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்ட மாதிரி. தினமும் காலையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பெருங்காய டப்பா, யூகலிப்டஸ் தைலம், முந்தின நாள் கழற்றிப்போட்ட சாக்ஸ் என்று ஒவ்வொன்றாய் எடுத்து இழுத்துப் பார்க்கிறார். சாக்ஸை மோந்து பார்க்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. அதுவும் நாறவில்லை. நாறினால் அழுதுவிடுவார், சந்தோஷத்தில். நாக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. கசப்பு தெரியும், துவர்ப்பு தெரியும், உப்பு, இனிப்பு தெரியும். ஆனால் மாட்டுக்கும் அதெல்லாம் தெரியும்.

"முதல்ல நீ குடி" என்றார் தமயந்தியிடம். தமயந்திதான் இந்த அறையில் இலையை நிறுத்துப் போடுகிறவள், வெந்நீர் ஊற்றுகிறவள், கோப்பைகளை வரிசையாக அடுக்குகிறவள். பதவியில் அவருக்கு அடுத்தவள். நாற்பதை எட்டப்போகிறாள். கரண்டியை முக்கினாள், ஸ்ர்ர்ரென்று ஊருக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சினாள், வாய்க்குள் புரட்டினாள், காலால் இழுத்து வைத்திருந்த பித்தளைத் தொட்டியில் துப்பினாள். இந்தத் தொழிலில் விழுங்கக் கூடாது. அவள் கோப்பையைப் பார்த்தாள், வேதமாணிக்கம் அவள் முகத்தைப் பார்த்தார். இடது மூக்கு மடல் ஒரு துடி துடித்தது. மோவாய் நூலளவு தூக்கியது. கண் ஒருதரம் மெதுவாக மூடித் திறந்தது. ஆ, வந்தாயிற்று. மடல் துடித்து மோவாய் தூக்கினால் நல்ல சரக்கு. கண் மூடித் திறந்தால் பூ. புருவத்துக்கு நடுவே கோடு விழுந்தால் கருகல். கீழ் உதடு உள்ளே மடிந்தால் கோளாறு, பூஞ்சை, ஈரம், ஏதோ ஒரு நாற்றம். கட்டின பொண்டாட்டி முகத்தைக்கூட அவர் இப்படிப் படித்ததில்லை. ஜனவரியிலிருந்து மனுஷன் தேநீரைக் குடிக்கவில்லை, இவள் மூஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறார். தானும் ஒரு கரண்டி உறிஞ்சினார். வழவழவென்று ஒரு வெந்நீர். சீ, ஊலாங் ஒரு மினுக்கி, நாக்குக்கு ஒன்றும் தர மாட்டாள், எல்லாம் மூக்குக்குத்தான். இலையை வாடவிட்டு, முறத்தில் போட்டுக் குலுக்கி, ஓரம் மட்டும் கன்றிச் சிவந்து வரும்போது சூடு காட்டி நிறுத்திவிடுவார்கள், பச்சையுமில்லாமல் கறுப்புமில்லாமல் பாதி வழியில். அந்தப் பாதி வழியில்தான் அத்தனை வாசமும் இருக்கும். இருக்கும் என்றால், இருந்தது. சொற்கள் மட்டும் தலைக்குள் பத்திரமாக இருக்கின்றன. பன்னீர்ப்பூ, பழுத்த கொய்யா, உருக்கின நெய், புது மூங்கில் கூடை. ஒவ்வொரு சொல்லாகத் திறந்து பார்த்தால் உள்ளே காலி. கொய்யா என்றால் எப்படி இருக்கும்? பச்சையாக, உருண்டையாக, விதையோடு இருக்கும். அதுக்கு மேலே? "முதலில் பன்னீர்ப்பூ" என்றார் கண்ணை மூடிக்கொண்டு, "பின்னாடி, தொண்டைக்குப் போற வழியில, லேசா நெய். ஓரம் கன்றினது சரியான பக்குவம். மூணு நாலு தடவை வெந்நீர் ஊத்தினாலும் தாங்கும்." ஜமுனா, "வாவ் சார்" என்று கையைக் கோத்துக்கொண்டாள். இரண்டாவது ஊலாங்குக்குத் தமயந்தியின் கீழ் உதடு கொஞ்சமாக மடிந்தது. "வாட விட்டது போதலை, பச்சைப் புல்லு" என்று துப்பினார். அதற்கும் ஒரு வாவ். இவளைத் தன் பக்கம் திருப்பி நிறுத்தியது எப்பேர்ப்பட்ட மூளை! முன்பெல்லாம் தமயந்தி இப்படி அவரைப் பார்த்து நின்று குடித்தது கிடையாது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே பொட்டலத்து இலையை இரண்டு கோப்பையில் ஊற்றி, வரிசையின் இரண்டு கோடியிலும் வைத்து, ஆபீஸ் மொத்தத்தையும் கூப்பிட்டு நிறுத்தி அவளைச் சொல்லச் சொன்னார். முதல் கோப்பையில் தேன் என்றாள், கடைசிக் கோப்பை சப்பென்று இருக்கிறது என்றாள். பேசட்டும் பேசட்டும் என்று விட்டார். கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள் பாவம். எல்லாம் முடிந்த பிறகு, "ரெண்டும் ஒரே பொட்டலம்மா, நாக்கா அது, செருப்புத் தோலா?" என்றார். சிரித்தார்கள் பார், பியூன் வரைக்கும் சிரித்தான். அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். "உன் மூஞ்சி சினிமா போஸ்டர் மாதிரி எல்லாத்தையும் காட்டிக்குடுக்குது. வாங்க வர்றவன் உன் மூஞ்சியைப் பாத்தே விலை வச்சிருவான். சுவரைப் பாத்துக் குடி." ஆறு வருஷம். அவர் குடித்து முடித்த பிறகு அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், மூலையில் சுவரைப் பார்த்து நின்று, உறிஞ்சித் துப்பிவிட்டு வருவாள். வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. என்ன சார், வகுப்பில் தண்டனையா என்பார்கள். ஜனவரியில் அவர்தான் சொன்னார், "போதும்மா சுவர், இந்தப் பக்கம் திரும்பிக்க, இனிமே நீயே முதல்ல குடி, உனக்கும் ஒரு வாய்ப்பு வேணாமா?" அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். அப்புறம் "சரி சார்" என்றாள். சந்தோஷப்பட்டிருப்பாள், பட்டிருக்க வேண்டும், அழுத்தக்காரி, சந்தோஷத்தை மட்டும் அந்த மூஞ்சி காட்டாது.

அடுத்த வரிசை பிளாக். அப்பாடா. கரண்டியை இப்போது வேதமாணிக்கமே முதலில் முக்கினார், பிளாக் என்றால் அவர் இன்னும் ராஜாதான். முழுக்கப் புளித்து முழுக்கக் கறுத்த இலை, ஒளிவுமறைவு இல்லாதது, நாக்கில் வந்து நேராக அடிக்கும். ஈறைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு இருக்கிறதா, கன்னத்தின் உள்பக்கம் கடிக்கிறதா, வாய் நிறைய கனமாக நிற்கிறதா, தண்ணீராக ஓடிவிடுகிறதா. எல்லாம் தெரிந்தது. ஐயோ, எல்லாம் தெரிந்தது, கண்ணில் நீர் வந்துவிடும் போலிருந்தது. "இது உயிரோட இருக்கு" என்றார் முதல் கோப்பையை. "இது செத்துப்போச்சு, உலர்த்துற மெஷின்ல ரொம்ப நேரம் விட்டுட்டான், பொணம்" என்று இரண்டாவதைத் தள்ளினார். தமயந்தியைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்க வேண்டிய அவசியம்? இந்த நாக்குக்குத்தான் மலை முழுக்கப் பயந்தார்கள். தயாரிப்பவனை வரச் சொல்லி அவன் முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் அவர் வழக்கம், ஒரு சொல், ஒரே ஒரு சொல், மேலே கிடையாது. வெளியே வராந்தாவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே போஜன், தலையில் வெள்ளை மப்ளர் சுற்றிக்கொண்டு, முட்டியை ஆட்டிக்கொண்டு, அவனுக்கும் ஒரு சொல் கொடுத்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னே ஏதோ தேயிலை கொண்டுவந்தான், சாக்கு வாடை அடித்தது. "கோணி" என்றார். அவ்வளவுதான், அன்றிலிருந்து படகர் ஊரான அவன் ஹட்டியில்கூட அவனுக்குக் கோணி போஜன் என்றே பெயராகிவிட்டதாம். பெண் பார்க்கப் போன இடத்திலும் கேட்டார்களாம், கோணி போஜன் மகனா என்று. கேள்விப்பட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். பொண்டாட்டி சாராள் சிரிக்கவில்லை. சாராளுக்கு எதற்குத்தான் சிரிப்பு வந்தது? கல்யாணமான புதிதில் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்து நின்றாள், "டேஸ்டர் வீட்ல பூவும் கிடையாது பவுடரும் கிடையாது, என் மூக்குலதான் சோறு" என்று பிய்த்து வெளியே எறியச் சொன்னார். எறிந்தாள். குழம்பில் மிளகாய்த்தூள் பழசு என்று தட்டைத் தள்ளியிருக்கிறார், மீனை மோந்து பார்த்து, நேற்றைய மீனை எவன் தலையில் கட்டினான் என்று கேட்டிருக்கிறார், ஒரு நாள், ஒரு வேளை, நல்லா இருக்கு என்று சொன்னது கிடையாது. ஜனவரியில் சொன்னார். என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாமலே, யோசனையில், "நல்லா இருக்கு சாராள்" என்று சொல்லிவிட்டார். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். "கருகிப்போச்சுங்க. தீஞ்ச வாடை வாசல் வரைக்கும் வருது" என்றாள். சமாளித்தார், சளி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது வந்து பக்கத்தில் உரசிக்கொண்டு நின்றாள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள், கடைசியில் திரும்பி நடந்தபோதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார், கொண்டையில் முழங்கை நீளத்துக்கு மல்லிகை. "முப்பது வருஷங் கழிச்சுப் பூ வச்சேன். ஒங்களுக்குத் தெரியவே இல்லல்லா?" என்று வாசலில் நின்று கேட்டாள். அழுவாள் என்று பார்த்தார். அழவில்லை. இப்போது தினமும் வைக்கிறாள். வேண்டுமென்றே வைக்கிறாள். ராத்திரி தலையணையில் உதிர்ந்த பூ காதுக்குள் குத்துகிறது, ஈரமாக, வாசனையே இல்லாமல். நல்லவேளை, சாராள் வெளியில் மூச்சு விடமாட்டாள். வேறு யாருக்கும் தெரியாது. ஜமுனா எதையோ போனில் குறித்துக்கொண்டு, "பிளாக் ஃபைனல் சார், அடுத்து டார்க் போலாமா?" என்றாள்.

டார்க். இதற்குத்தான் விடியற்காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார். பக்குவப்பட்ட இலையை ஈரத்தோடு குவித்து, சாக்குப் போட்டு மூடி, உள்ளே சூடேறிப் பழுக்கவிட்டு, அப்புறம் மாசக்கணக்கில் இருட்டறையில் கிடத்தி எடுக்கிற சரக்கு. குப்பைக்குழி வேலைதான், சரியாக வந்தால் சொர்க்கம், பிசகினால் குப்பைக்குழியேதான். இதில் நாக்குக்கு ஒரு வேலையும் இல்லை. துவர்ப்பெல்லாம் பழுத்து அடங்கியிருக்கும், கசப்பு போயிருக்கும், வாயில் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், நல்லதும் அப்படித்தான் போகும், பூஞ்சை பிடித்ததும் அப்படித்தான் போகும். மழை விழுந்த மண், பழைய மரப்பெட்டி, லேசாகக் கற்பூரம் என்று வந்தால் எடுத்து வைக்கலாம். ஈரச் சாக்கு, கரப்பான் நடந்த அலமாரி என்று வந்தால் வீசலாம். இரண்டுக்கும் நடுவே மூக்கு ஒன்றுதான் வேலி. வேலி போயிற்று. தமயந்தி இரண்டு கோப்பையை முன்னால் நகர்த்தினாள். இரண்டும் கருஞ்சிவப்பு, இரண்டும் விளிம்பில் ஒரே மாதிரி பளபளப்பு. மூடியில் கவிழ்த்த இலையும் ஒரே கறுப்பு, ஒரே சுருள், ஒரே அளவு காம்பு. ஒன்றேபோல இருக்கின்றனவே என்று கண் சொன்னது. முப்பது வருஷக் கண் சொன்னது. சும்மா இரு என்று கண்ணை அடக்கினார், டார்க்கில் நிறத்தை நம்புகிறவன் மடையன், ஒன்று போஜனுடையது, இன்னொன்று வேறு எவனோ அனுப்பியிருப்பான். அடுத்த நொடியே, இரண்டாவது கொஞ்சம் மங்கலோ என்று தோன்றியது, பார்க்கப் பார்க்க மங்கல்தான் என்று ஆயிற்று. கரண்டியால் தொட்டு நாக்கில் வைத்தார். வெந்நீர். இன்னொன்று. வெந்நீர். ஆண்டவரே, ஒரே ஒரு தடவை, ஒரு இழுப்புக்கு மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் எடுத்துக்கொள்ளும். கொடுக்கவில்லை. "நீ குடிம்மா" என்றார். தமயந்தி முதல் கோப்பையை எடுத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. உறிஞ்சினாள். மடல் துடித்தது, மோவாய் தூக்கியது, கண் மூடித் திறந்தது, இத்தனை தெளிவாக அவள் முகம் என்றைக்கும் பேசியதில்லை, பெரிய எழுத்தில் எழுதி வைத்த மாதிரி இருந்தது. அடுத்து இரண்டாவது. உறிஞ்சினாள். புரட்டினாள். புருவத்துக்கு நடுவே கோடு, கீழ் உதடு உள்ளே மடிந்து பல்லுக்கடியில் போய்விட்டது. வழக்கத்தைவிட வேகமாகத் துப்பினாள். வேதமாணிக்கத்துக்கு உடம்பெல்லாம் சூடு பரவியது, மகராசி, நீ நல்லா இருப்பே, உனக்கு அடுத்த வருஷம் சம்பளம் கூட்டித்தரச் சொல்கிறேன். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள், அவர் தன்னைப் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்த மாதிரி ஒரு பார்வை. அது எதற்கு என்று ஒரு கணம் இடறியது. இடறினதை அப்படியே விட்டுவிட்டார், இப்போது வேண்டியது உதடு, பார்வை இல்லை.

கோப்பைகளைத் தூக்கினார், உறிஞ்சினார், அந்த அறையில் இதுவரை யாரும் போடாத சத்தம் போட்டு உறிஞ்சினார். "ஒண்ணாம் நம்பர்" என்றார், "மழை பெஞ்ச மண்ணு. அதுக்கடியில பழைய தேக்குப் பெட்டி. கடைசியில கற்பூரம் எட்டிப் பாக்குது. மேடம், கண்ணை மூடிட்டு எடுங்க. இது என் பேர்ல வரட்டும்." நிறுத்தினார். இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "ரெண்டாம் நம்பர் பூஞ்சை. இதை மனுஷன் குடிக்கக் கூடாது. தமயந்தி, அந்த போஜனைக் கூப்பிடு, அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." இது கட்டாயம் அவனுடையதுதான், சாக்குப் போட்டு மூடுகிற வேலையைக் கோணி போஜனிடம் விட்டால் வேறு என்ன வரும்? போஜன் மப்ளரை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தான், வாசலோடு செருப்பைக் கழற்றிவிட்டு. "என்ன போஜா, மறுபடியும் கோணியா?" என்றார் வேதமாணிக்கம். ஜமுனாவுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னார். "ஒண்ணாம் நம்பரைப் பாரு, அதை செஞ்சவன் மனுஷன். உன்னுதைப் பாரு, ரெண்டாவது, கரப்பான்கூட உள்ள வராது." போஜன் ஒரு கோப்பையைப் பார்த்தான், மற்றதைப் பார்த்தான், தமயந்தியைப் பார்த்தான். "சார், நான் ஒரு பொட்டலந்தானுங்களே குடுத்தேன்" என்றான். "அது ரெண்டாவதுதான்யா" என்றார். "இல்ல சார்" என்றாள் தமயந்தி. மெதுவாகத்தான் சொன்னாள். "ரெண்டுமே போஜன் அண்ணன் பொட்டலம். ஒரே இலை, ஒரே தண்ணி. வேற டார்க் இன்னைக்கு வரவே இல்ல." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஜமுனா எழுந்து வந்து, கரண்டியை எடுத்து, இரண்டையும் குடித்துப் பார்த்தாள், விழுங்கியே பார்த்தாள், மறுபடியும் முதல் கோப்பைக்குப் போனாள். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றாள், "நல்லாத்தான் இருக்கு, ரெண்டுமே." பேசு, வேதமாணிக்கம், பேசு, எதையாவது பேசு. "தெரியும்மா" என்றார், "தெரியும், நான் இவளைச் சோதிச்சுப் பாக்கத்தான், என்ன பண்றான்னு பாக்கலாம்னு, ஒரே பொட்டலம்னு எனக்குத் தெரியாதா?" தமயந்தி தலையை ஆட்டினாள், குழந்தை சொல்வதற்குத் தலையாட்டுகிற மாதிரி. "மேடம், நீங்க சென்ட் போட்டிருக்கீங்க இல்ல?" என்றாள். ஜமுனா முழித்தாள். "ஆமா, மலை வளைவுல வாந்தி வர்ற மாதிரி குமட்டுச்சு, சால்வையில ஒரு கை அள்ளிப் போட்டுக்கிட்டேன். ஏன்?" "நீங்க உள்ள வந்ததுலேர்ந்து ரூம் முழுக்க அதுதான் மேடம். எனக்கே தலை வலிக்குது. சென்ட் போட்டு வந்தவங்களை சார் படியிலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிடுவாங்க. கலெக்டர் சம்சாரத்தையே அனுப்பியிருக்காங்க." அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னைச் சுவர்லேர்ந்து திரும்பச் சொன்னீங்க பாருங்க சார், அன்னிக்கே எனக்குத் தெரியும். வேற எதுக்கு உங்களுக்கு என் மூஞ்சி?" அன்றைக்கே. அன்றைக்கேயா? அப்படியென்றால் ஜனவரியிலிருந்து, இரண்டு மாசம் மேலே, அந்த மடல், அந்த மோவாய், அந்த உதடு, எல்லாம் தெரிந்தேயா? அவர் தலைக்குள் கோப்பைகள் வரிசை வரிசையாக வந்து நின்றன. போன வாரம் பிணம் என்று தள்ளிய அந்த ஊலாங், செய்தவள் வராந்தாவில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாளே, அது கெட்டதுதானா? பிப்ரவரியில் ஆகா என்று தூக்கிவிட்ட டார்க்? எந்த உதடு நிஜம், எந்த உதடு எனக்காக மடித்தது? அத்தனை பேர் தலையெழுத்தையும் எழுதியது யார், நானா, இவளா? கேட்டால் சொல்வாளா? சொன்னாலும் எதை வைத்து நம்புவது, அவள் மூஞ்சியைப் பார்த்தா?

ஜமுனா பெருமூச்சு விட்டாள், சால்வையை மடித்து வெளியே பெஞ்சில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள், போஜனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் இருப்பதையே மறந்துவிட்ட மாதிரி இருந்தது. "இன்னும் ஒரு வரிசை ஊலாங் இருக்கு, இல்லம்மா? நீங்களே சொல்லிடுங்களேன், டப்பாவுல பேரை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் தமயந்தியிடம். தமயந்தி புதுக் கோப்பைகளை அடுக்கினாள், வெந்நீர் ஊற்றினாள், மூடிகளைக் கவிழ்த்தாள். ஒரு கோப்பையை எடுத்து அவர் கையிலும் கொடுத்தாள், மரியாதையாக, இரண்டு கையாலும். "சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா எனக்கு வசதியா இருக்கும்" என்றாள். "உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்குக் கவனம் போகுது." திட்ட வாயைத் திறந்தார். போடி என்று சொல்லியிருக்கலாம், கோப்பையைத் தொட்டியில் வீசியிருக்கலாம், கதவைத் திறந்துகொண்டு போயிருக்கலாம், கார் வெளியில்தான் நிற்கிறது. போய்? வீட்டில் சாராள் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காரணம் அவருக்கே தெரியாது, கால் தானாக மூலைக்குப் போயிற்று. இந்த மூலைக்கு அவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வந்து நின்றதில்லை. சுவர் மிக அருகில் இருந்தது. அவர் நெஞ்சு உயரத்துக்கு, தமயந்தியின் முகம் வருகிற உயரத்துக்கு, சுண்ணாம்பில் பழுப்பாகப் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது, உறிஞ்சும்போது தெறித்த தேநீர், ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து ஒரு பெரிய வட்டமாக ஆகியிருந்தது. ஆறு வருஷம். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார், பழக்கம் உறிஞ்ச வைத்தது, இரண்டு சொட்டு பறந்துபோய்ச் சுவரில் ஒட்டியது. வெந்நீர். பின்னால் தமயந்தி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, துப்புகிற சத்தம் கேட்டது. ஜமுனாவும் போஜனும் இப்போது அவள் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்ன காட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உயிரே போயிற்று. "சார், எப்படி இருக்கு?" என்று தமயந்தி பின்னாலிருந்து கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தபடியே, "நல்லா இருக்கு" என்றார்.